வெங்காயத்தின் பொய்

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எல் ரீனோ என்றொரு சிற்றூர். அங்கே 1926 முதல் நடக்கும் ராபர்ட்ஸ் கிரில் என்ற பர்கர் கடையில், அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தேன். சமையல்காரர் கொத்துக்கறி உருண்டையைச் சூடான கல்லில் போட்டு, மேலே கைநிறைய வெங்காயச் சீவலை வைத்துத் தட்டையாக அழுத்தினார். 1920களின் வறுமையில் கறியை மிச்சம் பிடிக்கக் கண்ட வழியாம் இது.

கொஞ்சக் கறியை நிறையக் காட்டுவது ஏமாற்றா, ஈகையா? வாய்மை அதிகாரத்திலேயே பொய்க்கு ஓர் இடம் ஒதுக்கியவர் வள்ளுவர். ஆனால் இங்கே எதை மறைத்தார்கள்? உண்பவன் கண்ணெதிரேதானே வெங்காயம் விழுகிறது!



இன்று கறிக்குத் தட்டுப்பாடில்லை. வெங்காயத்தை மட்டும் யாரும் குறைக்கவில்லை. கருகிய விளிம்பைத்தான் நான் முதலில் கடித்தேன்.