பழக்கமும் குறியும்

ஆந்தனி ட்ரோலப் தபால் இலாகா உத்தியோகஸ்தர். காலை ஐந்தரைக்கு மேஜை முன் அமர்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால்மணி நேரத்துக்கு 250 வார்த்தை வீதம் எழுதியதாக, 1883இல் (அவர் இறந்தபின்) வெளிவந்த சுயசரிதையில் சொல்கிறார். எழுப்பிவிடும் வேலையாளுக்கு வருஷத்துக்கு 5 பவுன் கூடுதல். எழுத்தாளனைச் செருப்புத் தைப்பவனோடு அவர் சமன்படுத்தியதில் விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. பகல் முழுதும் வங்கிக் கவுண்டரில் போகிறவனுக்கு விடியற்காலையை விட்டால் வேறு சொத்து ஏது?

நானும் மூன்று வருஷமாக ஐந்து மணிக்கு எழுகிறேன். ஒருநாள்கூடத் தவறவில்லை. எழுத நினைத்த கட்டுரை மட்டும் ஆறு பக்கத்தைத் தாண்டவில்லை. அண்மையில்தான் உறைத்தது: நான் காப்பாற்றி வந்தது கட்டுரையை அல்ல, ஐந்து மணியை. கணக்கு டாலியானால் போதும் என்கிற குமாஸ்தா புத்தி. பிரக்ஞையைக் கூர்மையாக்க வேண்டிய பழக்கம், அதற்கு மாற்றாகவே நின்றுவிட்டது. ட்ரோலப் நாட்குறிப்பில் பதிந்துவந்தது எழுதிய பக்கங்களின் எண்ணிக்கையை.

காஃப்கா 1912 செப்டம்பரில் ஒரே இரவில் ‘தீர்ப்பு’ கதையை எழுதினார் என்று காட்டிப் பழக்கத்தையே இகழ்கிறார்கள் சிலர். ஒன்றும் தேறாத இரவுகளிலும் அவர் உட்கார்ந்தார் என்பது அவர்களுக்குச் சௌகரியமில்லை.

நேற்று ஆறேகாலுக்குத்தான் எழுந்தேன். அரைப் பக்கம் தேறியது. உடம்புக்கு என்ன என்று மனைவி கேட்டாள்.