கோப்பைக்கு முன் இலக்கணம்

வயர் ஃபாக்ஸ் டெரியரின் முரட்டு ரோமத்தை நாய்க் கண்காட்சிக்காகக் கத்தரிக்க மாட்டார்கள், விரலால் பிடுங்கியெடுப்பார்கள். கத்தரித்தால் ரோமம் மென்மையாகிவிடும். நரி வளைக்குள் நுழைந்த இனத்துக்கு முள்ளையும் மண்ணையும் தாங்கும் ரோமமே கவசம்.

நடுவர் தேடுவதும் அதைத்தான். பக்கத்து நாயோடு அல்ல, அந்தந்த இனத்துக்கு எழுதிவைத்த இலக்கணத்தோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார். நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் 2019 வரை 15 முறை முதலிடம் பெற்றது இந்த டெரியர் இனம்தான்.

பெங்களூருக் கண்காட்சிகளிலும் இதே விதிதான். 2005-இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்ற கர்நாடகத்து முதோள் நாய்க்கு இலக்கணம் வேறு: முயலைத் துரத்த நீண்ட கால்கள், மூச்சுக்கு ஆழ்ந்த மார்பு.

அதனால் குட்டி வாங்கப் போகிறவர்களே, கோப்பைகளை எண்ணாமல், அந்த இலக்கணம் தெரிகிறதா என முதலில் தாய் நாயை நேரில் பாருங்கள்.