கைவைக்காமல் இருப்பது

1

லேத்திலிருந்து அடுத்தடுத்து வந்த ஐந்து ஷாஃப்டுகள். டிராயிங் கேட்பது 20 மி.மீ.; கூடக்குறைய 20 மைக்ரான் போகலாம். மைக்ரோமீட்டர் சொல்வது: 20.003, 19.998, 20.001, 20.006, 19.999. அதே பார், அதே டூல், அதே ஆபரேட்டர். ஆனாலும் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

வால்டர் ஷூஹார்ட் 1931இல் வெளியிட்ட புத்தகத்தில், ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கச் சொல்கிறார். ரிப்போர்ட் தாளின் பின்பக்கம் ‘அ’ வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சுழி பெருத்துவிட்டது, ஒன்றில் கால் நீண்டுவிட்டது. ஆனாலும் எல்லாமே என் கையெழுத்து என்று யாரும் சொல்லிவிடுவார்கள். மாறுவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. எங்கள் தொழில் அந்த எல்லையைத் தேடுவதுதான்.

2

சிகாகோவை ஒட்டிய ஹாதார்ன் ஆலையில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் தொலைபேசிக் கருவிகள் செய்துவந்தது. அங்கே ஆய்வுப் பிரிவில் இருந்த ஷூஹார்ட், 1924 மே 16 அன்று தன் மேலதிகாரி ஜார்ஜ் எட்வர்ட்ஸுக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு அனுப்பினார். அதில் இருந்த சின்னப் படம்தான் இன்று ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் தொங்கும் கன்ட்ரோல் சார்ட்டின் முதல் வடிவம்.

அவர் காரணங்களை இரண்டாகப் பிரித்தார். சில காரணங்கள் எப்போதும் கூடவே இருப்பவை: பாரின் கடினத்தில் துளி வித்தியாசம், கூலன்டின் சூடு, ஸ்பிண்டிலின் லேசான அதிர்வு. இவற்றில் எதையும் தனியாகக் கைகாட்ட முடியாது. மற்றவை பெயர் சொல்லிப் பிடிக்கக்கூடியவை: இன்சர்ட் முனை உடைந்தது, வேறு லாட் பார் ஏறியது, சக் தளர்ந்தது. முதல் வகையைத் துரத்தினால் நேரம் வீண். இரண்டாம் வகையை விட்டுவைத்தால் சரக்கு வீண்.

3

சார்ட்டின் மேல்கோடும் கீழ்க்கோடும் டிராயிங்கிலிருந்து வருவதில்லை. புதிதாகச் சேரும் பையன்களுக்கு இதைப் புரியவைக்கத்தான் நாளாகிறது. டிராயிங் சொல்வது வாங்குபவர் கேட்பதை. சார்ட் சொல்வது மெஷினால் முடிவதை. ஐந்து ஐந்தாக எடுத்துச் சராசரி போட்டு, அந்த அளவுகளின் சிதறலிலிருந்தே கோடுகளைக் கணக்கிடுகிறோம்.

நடுவிலிருந்து மூன்று சிக்மா, அதாவது திட்டவிலக்கத்தைப் போல் மூன்று மடங்கு, தள்ளிக் கோடு. மணிவடிவப் பரவல் என்று எடுத்துக்கொண்டால், எந்தக் கோளாறும் இல்லாமலே 10,000 புள்ளிகளில் 27 வெளியே விழும். ஏன் மூன்று? இரண்டரை ஏன் இல்லை? ஷூஹார்டின் பதில் சிக்கனம் சார்ந்தது. வீணாகத் தேடுவதற்கும் செலவு உண்டு, தேடாமல் விடுவதற்கும் செலவு உண்டு. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் அது.

4

புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் செய்துகாட்டிய புனல் சோதனை. மேசையில் ஒரு குறி. அதற்கு நேர்மேலே புனல். புனல் வழியே கோலிக்குண்டு விழுகிறது. புனலைத் தொடாமல் விட்டால், குறியைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் சிதறும். ஒவ்வொரு முறையும் குண்டு எவ்வளவு விலகியதோ அவ்வளவு தூரம் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்தினால்? சிதறலின் அகலம் சுமார் 1.41 மடங்கு ஆகிறது. திருத்தத் திருத்த மோசமாகிறது.

சி.என்.சி. திரையில், டூலின் இடத்தைத் திருத்தும் ஆஃப்செட்டைத் தட்டும் விரல் செய்வதும் இதையேதான். ஒரு பீஸ் 6 மைக்ரான் கூட வந்தது. உடனே 6 குறைப்பு. அடுத்தது குறைந்து வந்தது, உடனே கூட்டல். அந்த ஷிஃப்டில் அந்த ஆபரேட்டரைவிடக் கவனமாக வேலை பார்த்தவர் யாரும் இல்லை. கெடுத்ததும் அந்தக் கவனம்தான்.

5

அளப்பதும் ஒரு செயல். அதிலும் சிதறல் உண்டு. ஒரே ஷாஃப்டை இருவர் அளந்தால் இரண்டு எண். நீள அளவுகளுக்கு உலகம் ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். சென்னை அம்பத்தூரின் மே மாதத்துக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. இப்போதுதான் கடைந்த பீஸ், அளக்கும் கருவியைவிட 15 டிகிரி சூடாக இருந்தால், 20 மி.மீ. எஃகு மூன்றரை மைக்ரான் அளவுக்குப் பெருத்துக் காட்டும். ஆறவிட்டு அளக்க வேண்டும். அவசரமாக எடுத்த அளவில் பீஸும் இருக்கிறது, அதன் சூடும் இருக்கிறது.

6

டெமிங்கின் இன்னொரு விளையாட்டு. பெட்டியில் வெள்ளை மணிகள்; ஐந்துக்கு ஒன்று சிவப்பு. 50 குழிகள் உள்ள பலகையை முக்கி எடுக்கும் ‘தொழிலாளர்கள்’ வெள்ளை மட்டுமே தர வேண்டும். ஏழு சிவப்பு வந்தவருக்குப் பாராட்டு, பதினான்கு வந்தவருக்குத் திட்டு. மறுநாள் இருவர் இடமும் மாறிவிடும். மணிகளைக் கலந்து வைத்தது அவர்கள் அல்ல.

காலை மீட்டிங்கில் ‘நேற்று ரிஜெக்‌ஷன் ஏன் கூடியது?’ என்று கேட்கும்போது இந்தப் பெட்டி நினைவுக்கு வருகிறது. எண் கோடுகளுக்குள் இருந்தால், அந்தக் கேள்விக்கு ஆபரேட்டரிடம் நேர்மையான பதில் கிடையாது. ஏதாவது ஒரு காரணத்தை உண்டாக்கிச் சொல்லத்தான் பழகிக்கொள்வார்.

7

ஷூஹார்ட் 1947–48 குளிர்காலத்தில் இந்தியா வந்தார். மஹலனோபிஸ் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் அழைத்திருந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1998இல், சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரக் கட்டுப்பாட்டுக்கான டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை.

8

புள்ளிகள் கோடுகளுக்குள் இருப்பதாலேயே எல்லாம் நலம் என்று ஆகிவிடாது. ஒரு மெஷின் நாள்தோறும் ஒரே சீராகத் தப்பான பீஸ் தரலாம். அதற்குத் திட்டுவதோ ஆஃப்செட்டோ மருந்தல்ல. ஃபிக்ஸ்சரை, பாரை, மெஷினையே மாற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பணம் ஒதுக்க வேண்டியவர் ஷாப் ஃப்ளோரில் நிற்பவர் அல்ல.

கைவைக்காமல் இருப்பது சும்மா இருப்பது அல்ல. எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டுக்கு மேலேயே விழுந்தால், ஒன்றுகூட எல்லையைத் தாண்டாவிட்டாலும் எழுந்திருக்க வேண்டும். தற்செயலாக அப்படி நடக்க 256இல் ஒரு வாய்ப்புதான். படிப்படியாக ஏறினால் டூல் தேய்கிறது. அப்போது மெஷினை நிறுத்தி, காரணத்தைக் கண்டுபிடித்து, சார்ட்டின் குறிப்புக் கட்டத்தில் எழுத வேண்டும். பெரும்பாலான சார்ட்டுகளில் புள்ளிகள் நிறைந்திருக்கும். அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். அப்படிப்பட்ட சார்ட்டை ஆடிட்டர் பாராட்டலாம். மெஷினுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.