பறவைக்கு எதிராக ஒரு வக்காலத்து

பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவில் மௌனா கியா என்னும் எரிமலை 4,200 மீட்டருக்கும் மேலாக உயர்ந்து நிற்கிறது. அதன் உயர்ந்த சரிவுகளில் மாமனே மரங்கள் நிறைந்த காடு ஒன்று உண்டு. மஞ்சள் நிறப் பூக்கள் பூத்து, அவரையைப்போல் காய்க்கும் மரம் அது. அதன் பச்சைக் காய்களுக்குள் இருக்கும் விதைகள் நச்சுத்தன்மை உடையவை. பிற உயிர்களுக்குத் தீங்கு செய்யும் அந்த விதைகளே பலிலா என்னும் சிறு பறவையின் முதன்மையான உணவு. பொன்னிறத் தலையும் சாம்பல் நிற முதுகும் தடித்த அலகும் கொண்ட இப்பறவை, காயைக் காலால் அழுத்திப் பிடித்து, அலகால் கிழித்து விதையை எடுத்து உண்கிறது. இன்று இந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயல்பாக வாழவில்லை. மாமனே போய்விட்டால் பலிலாவும் போய்விடும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியக் கப்பல்கள் இத்தீவுகளில் வெள்ளாடுகளையும் செம்மறிகளையும் இறக்கின. அவை காட்டுக்குள் சென்று பெருகின. மாமனேயின் முளைகளையும் பட்டைகளையும் தின்றன. முதிய மரங்கள் பட்டபோது அவற்றின் இடத்தை நிரப்ப இளமரங்கள் இருக்கவில்லை. இது போதாதென்று, 1962 முதல் 1966 வரை மாநில அரசே மௌஃப்லான் என்னும் மற்றொரு செம்மறி இனத்தை, வேட்டை விளையாட்டை விரும்புவோருக்காக, அதே மலையில் கொண்டுவந்து விட்டது. 1967இல் அமெரிக்க ஒன்றிய அரசு பலிலாவை அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவித்தது.

1978இல் ஒன்றிய நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. வாதிகளின் வரிசையில் முதற்பெயர் பலிலா. சியெரா கிளப், ஆடுபான் சங்கம் முதலிய அமைப்புகள் அதன் பின்னால் நின்றன. பிரதிவாதியோ காட்டை அழித்து இலாபம் ஈட்டும் நிறுவனம் அன்று. காடு, வனவிலங்கு, மாநிலப் பூங்காக்கள் ஆகிய அனைத்தையும் பொறுப்பில் கொண்ட ஹவாய் மாநில நில, இயற்கை வளத் துறையே பிரதிவாதி. பறவையைக் காக்கும் கடமையுடைய துறையைப் பறவையே வழக்குக்கு இழுத்தது. 1979இல் பறவையின் பக்கம் தீர்ப்பாயிற்று. வெள்ளாடுகளையும் செம்மறிகளையும் அகற்றுமாறு ஆணை பிறந்தது. 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மௌஃப்லானைப் பற்றிய இரண்டாம் சுற்றிலும் 1986இலும் 1988இலும் மாநிலம் தோற்றது. 1988ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதிபதி, இப்பறவை சட்டத்தில் ஒரு நிலையைப் பெற்று, தன் உரிமையிலேயே வாதியாக நீதிமன்றத்துக்குள் பறந்து வந்திருக்கிறது என்ற பொருள்பட எழுதினார். 2004இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், திமிங்கிலங்களின் பெயரால் வந்த வேறொரு வழக்கில், அக்கூற்று எவரையும் கட்டுப்படுத்தும் சட்டம் ஆகாது என்று கூறிவிட்டது. சட்டத்தால் கவிதையை நெடுநாள் தாங்க இயலாது போலும்.

இவ்வழக்கைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பறவையின் பக்கம் நின்றே எழுதுகிறார்கள், அது இயல்பே. ஆனால் நீதிமன்றத்தில் மற்றொரு மேசையும் இருந்தது. துறைக்காக வாதிட்ட வழக்குரைஞர்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள். சில மாநிலங்களில் வனவிலங்குத் துறைகளுக்கென்றே தனி வழக்குரைஞர்கள் உண்டு. ஹவாயில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து வருகிறார்கள். இத்தகைய பணியைத் தேர்ந்துகொள்ளும் ஒருவரைக் கற்பனை செய்து பார்ப்போம். பெரிய தனியார் அலுவலகங்கள் தரும் ஊதியத்தை விட்டு, காட்டின்மேல் கொண்ட பற்றால் இங்கே வருகிறார். ஒருநாள் அவருடைய மேசைக்கு ஒரு கோப்பு வருகிறது. அதன்படி அவர் எழுந்து நின்று கூற வேண்டியவை இவை: இப்பறவை ஒரே மாநிலத்துக்குள் வாழ்வது, ஆகவே ஒன்றியச் சட்டம் இதைத் தீண்டாது, ‘தீங்கு’ என்று சட்டம் சொல்வது நேரடியாகக் கொல்வதையும் காயப்படுத்துவதையுமே, வாழிடம் மெல்லத் தேய்வதை அன்று, செம்மறியும் பறவையும் ஒரே காட்டில் சேர்ந்து வாழ இயலும். இவற்றில் ஒன்றும் சட்டத்தின் பார்வையில் இழிவான வாதம் அன்று. தீங்கின் பொருளைப் பற்றிய சர்ச்சை 1995இல் வேறொரு வழக்கின் வழியாக அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. வாழிடத்தை அழிப்பதும் தீங்கில் அடங்கும் என்ற விதியை அம்மன்றம் அப்போது ஏற்றது. ஆயினும், தாம் காக்க வந்த உயிருக்கு எதிராக இவற்றைச் சொல்வது அந்த வழக்குரைஞருக்குத் தகுமா?

தகும் என்போர் கூறும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வழக்குரைஞர் தம் கட்சிக்காரரின் நாவாக இருக்கிறார்; அவருடைய கொள்கைக்கு அவர் சான்று கூறவில்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1983இல் வகுத்த மாதிரி நெறிமுறைகளும், ஒருவருக்காக வாதிடுவது அவருடைய கருத்தை ஏற்பதாகாது என்றே கூறுகின்றன. இரு பக்கமும் முழு வலிமையோடு பேசினால்தான் நீதிபதிக்கு உண்மை தெளியும். ஒரு பக்கம் அரைமனத்தோடு பேசப்பட்டால், வென்ற பக்கத்தின் வெற்றியும் ஐயத்துக்குரியதாகிவிடும். பலிலாவின் வெற்றி இன்றும் எடுத்துக்காட்டப்படுவதற்கு, எதிர்த்தரப்பு தன்னால் இயன்றவரை வாதிட்டதும் ஒரு காரணம்.

ஆனால் இவ்வாதம் முதலில் பிறந்த இடம் வேறு. அரசின் முழு வலிமைக்கும் முன்னால் தனியாக நிற்கும் குற்றவாளிக் கூண்டு மனிதனுக்காகப் பிறந்தது அது. அவனுக்காகப் பேச ஒருவராவது வேண்டும் என்பதில் அறம் இருக்கிறது. இங்கே கட்சிக்காரர் அரசு. கூண்டில் நிற்பதுபோன்ற எளியவர் எவரேனும் உண்டென்றால் அது எதிர்மேசையின் பறவைதான்.

அப்படியானால் பதவியை விட்டு விலகுவதே வழி என்று தோன்றலாம். இவ்விடத்தில் மனுநீதிச் சோழனின் வரலாறு நினைவுக்கு வருகிறது. பசு ஆராய்ச்சி மணியை அசைத்து நீதி கேட்டதைத் தமிழர் அனைவரும் அறிவர். அந்த வரலாற்றில் வரும் அமைச்சரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இளவரசன்மேல் தேரைச் செலுத்துமாறு அரசன் ஓர் அமைச்சருக்கு ஆணையிட்டதாகவும், அவர் அதைச் செய்ய மாட்டாமல் தம் உயிரை நீத்ததாகவும் பெரியபுராணம் கூறுகிறது. ஆணையை மீறவும் மனமில்லை, நிறைவேற்றவும் மனமில்லை, தம்மையே விலக்கிக்கொண்டார். அவர்பால் நமக்கு எழுவது மரியாதையே. எனினும் தேர் நிற்கவில்லை. அரசனே அதைச் செலுத்தினான். விலகியவருடைய கை தூய்மையாயிற்று. சக்கரத்தின் அடியில் கிடந்தவனுக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை. புராணத்தில் இறையருளால் கன்றும் மைந்தனும் அமைச்சரும் மீண்டெழுகிறார்கள். மலைச்சரிவில் அற்றுப்போன ஓர் இனம் அவ்வாறு மீள்வதில்லை.

ஆகவே கேள்வியைச் சற்றுப் பின்னோக்கி, கோப்பு நீதிமன்றத்துக்குச் செல்வதற்கு முந்திய நாட்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. மேற்சொன்ன நெறிமுறைகளே வழக்குரைஞர் சுதந்திரமான தீர்மானத்தோடு ஒளிவுமறைவற்ற அறிவுரை கூற வேண்டும் என்கின்றன; சட்டத்தை மட்டுமின்றி அறத்தையும் சமூக நிலையையும் அவர் எடுத்துரைக்கலாம் என்று இடம் தருகின்றன. பேசும் நாவாக மட்டுமே அவர் இருந்தால் இந்த விதிக்குத் தேவையே இல்லை. அடைத்த கதவுக்குள், துறைத் தலைவருக்கு எதிரே, “நாம் செய்வது சட்டத்துக்கும் நம் கடமைக்கும் ஒவ்வாதது” என்று சொல்ல வேண்டியவரும் அவரே.

யாரிடம் அதைச் சொல்வது? அவருடைய கட்சிக்காரர் உண்மையில் யார்? துறைத் தலைவரா, ஆளுநரா, வாக்களித்த மக்களா? அம்மக்களுள் அந்த மலையில் வேட்டையாடி வீட்டுக்கு இறைச்சி கொண்டுவரும் குடும்பங்களும் உண்டு. அவர்களை எளிதாகக் கொடியவர் என்று ஒதுக்குவது நேர்மையன்று. துப்பாக்கி, தோட்டாக்களின்மேல் விதிக்கப்படும் வரியிலிருந்து வனவிலங்குத் துறைகளுக்கு நிதி வழங்கும் ஒன்றியச் சட்டம் 1937 முதல் இருந்துவருகிறது. வேட்டையாடுவோரின் பணத்தில் ஒரு பகுதி நடக்கும் துறை அவர்களுடைய சொல்லுக்குச் செவிசாய்ப்பதில் வியப்பில்லை. ஆனால் வழக்குத் தொடரப்பட்ட அதே 1978இல், ஹவாய் மக்கள் தங்கள் மாநில அரசியலமைப்பைத் திருத்தி, பொது இயற்கை வளங்கள் அனைத்தையும் மக்களின் நன்மைக்காக அரசு அறக்கட்டளையாக வைத்திருக்கிறது என்றும், இன்றைய தலைமுறைக்கும் வருங்காலத் தலைமுறைகளுக்குமாக அவற்றைக் காக்க வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள். அதன்பின் துறையை வளத்தின் உரிமையாளர் என்று கூற வழியில்லை, அது அறங்காவலர். அறங்காவலரின் வழக்குரைஞர், இன்று கதவைத் தட்டுவோரின் விருப்பத்தோடு, இன்னும் பிறவாதவர்களின் பங்கையும் மனத்தில் வைத்தே அறிவுரை கூற வேண்டும். இந்த ஏற்பாட்டிலும் பறவை செல்வம்தான், செல்வத்தைப் பெறுவோர் மனிதர்தாம் என்பது உண்மை. சட்டம் அதுவரைதான் வந்திருக்கிறது.

இதைவிடக் கடினமான ஓர் இடம் இருக்கிறது. பறவை வென்றது என்று கேட்டவுடன் நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. அவ்வெற்றியின் பொருள் ஆயிரக்கணக்கான செம்மறிகளின் சாவு. முதலில் வேட்டையாடுவோரைக் கொண்டும், பின்னர் ஹெலிகாப்டர்களிலிருந்து சுட்டும் அவை அகற்றப்பட்டன. எல்லா உயிர்களிலும் ஒன்றே உறைகிறது என்று கொள்ளும் மரபில் வந்தவர் இவ்விடத்தில் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. செம்மறி எந்தப் பிழையும் செய்யவில்லை. மனிதன் கொண்டுவந்து விட்ட இடத்தில் கிடைத்ததைத் தின்றது. இரண்டும் சேர்ந்து வாழலாம் என்ற மாநிலத்தின் வாதம், சான்றுகளுக்கு முன் நிற்காவிட்டாலும், நீதிமன்றத்தில் செம்மறியை உயிரோடு விட்டுவைத்த ஒரே வாதம் அதுதான். அதுவும் பின்னொரு நாள் வேட்டையில் சுடுவதற்காகவே விட்டுவைத்தது! செம்மறிக்காகச் செம்மறியைப் பற்றிப் பேசியவர் இரு மேசைகளிலும் இல்லை.

செம்மறி இனம் இம்மலையில் இல்லாமற்போனாலும் உலகின் வேறு இடங்களில் வாழும். பலிலா இங்கே போனால் எங்கும் இல்லை. இந்த வேறுபாடு தீர்ப்பைத் தாங்கப் போதுமானது என்றே தோன்றுகிறது. ஆனால் சுடப்படும் ஒரு தனி விலங்கின் வேதனையை அது ஒரு துளியும் குறைப்பதில்லை. அந்த ஆணையைச் செயற்படுத்துவோரும் அதற்காக வாதிடுவோரும் இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டும். ‘நீதிமன்றம் சொன்னது, செய்தோம்’ என்று சுமையை இறக்கிவைப்பது எளிது.

காலம் அந்த நாற்காலியை மறுபுறம் திருப்பியது. 2012இல் ஹவாய்த் தீவின் உள்ளாட்சி மன்றம் வானிலிருந்து விலங்குகளைச் சுடுவதைத் தடைசெய்து விதி இயற்றியது. முன்பு பறவைக்கு எதிராகப் பேசிய மாநிலத் தரப்பு, இப்போது பறவைக்கு ஆதரவான பழைய ஆணையைக் கையில் கொண்டு நின்றது. ஆணையை நிறைவேற்ற அவ்விதி தடையாகாது என்று 2013இல் ஒன்றிய நீதிமன்றம் தீர்மானித்தது. இதைக் கண்டு, காற்று வீசும் திசையில் சாயும் நாணல் என்று அந்த வழக்குரைஞர்களைப் பழிக்கலாம். அவ்வளவு விரைவில் பழிப்பதற்கு இடமில்லை. கட்சிக்காரருக்குத் தோல்வி வரும், அது நியாயமான தோல்வியாகவும் இருக்கும் என்று உள்ளே சொல்லிவிட்டு, ஆணை வந்தபின் பொய் கலவாமல் வாதிட்டவர் ஒருவர். கேட்போருக்கு இனிப்பதை உள்ளே சொல்லிவிட்டு, அதே சொற்களால் வெளியே வாதிட்டவர் ஒருவர். நீதிமன்றப் பதிவேட்டில் இருவரும் ஒரேபோல்தான் தோன்றுவார்கள். கட்சிக்காரருக்குக் கூறும் அறிவுரை மறைவாகக் காக்கப்பட வேண்டியது என்பதால், முன்னவர் தம் பெயரைக் காத்துக்கொள்ளவும் அதை வெளியே சொல்ல இயலாது. பாராட்டுவதற்கும் இகழ்வதற்கும் சாட்சியே இல்லாத ஓர் அறையில் அவருடைய கடமையின் கடினமான பகுதி முடிந்துவிடுகிறது.

மௌனா கியாவில் வேலிகள் எழுந்துள்ளன; மாமனே நாற்றுகள் நடப்படுகின்றன. வறட்சியும் காட்டுப்பூனைகளும் எஞ்சியிருக்கும் செம்மறிகளும் பறவையை இன்னும் நெருக்குகின்றன. 2000களின் தொடக்கத்தில் சில ஆயிரங்களாக இருந்த பலிலா, 2020களின் தொடக்கத்தில் எடுத்த கணக்குகளில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. வேலிகளுக்கான ஒப்பந்தங்களும் வேட்டையாடுவோரின் முறையீடுகளும் துறையின் வழக்குரைஞருடைய மேசைக்கு இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.