இன்சூரன்ஸ் இருக்குல்ல?

2025 ஜூன் 23 மாலை கத்தார் தன் வான்வெளியை மூடியது. தோஹாவில் இருந்த என்னை அம்மா போனில் கேட்டார்: "இன்சூரன்ஸ் இருக்குல்ல?" "இருக்கும்மா" என்றேன். போரால் வரும் இழப்புக்குப் பணம் கிடையாது என்ற வரியை அப்போதுதான் படித்திருந்தேன். சிலரின் இழப்பைப் பலரின் பிரீமியம் ஈடுகட்டுவதே காப்பீடு. எல்லோருக்கும் ஒரே இரவில் நேர்ந்தால் யார் ஈடுகட்டுவது?

நான் சொன்னது பொய்யா? பாலிசி இருந்தது நிஜம். ஆனால் அம்மா கேட்டது பாலிசியைப் பற்றி அல்ல. நிஜமான வார்த்தையாலும் ஏமாற்றலாம். அவர் தூங்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவரும் "சுகர் நார்மல்தான்" என்பார். எந்த மாத ரிப்போர்ட் என்று சொல்லமாட்டார். பரஸ்பரம் மறைத்துக் காப்பாற்றுகிறோம். ஆபத்து வந்தால் இருவருமே தயாராக இருக்கமாட்டோம். அடுத்த முறை முழுசாகச் சொல்லணும். ரிப்போர்ட் தேதியையும் கேட்கணும்.