“தகுதியற்றவர்” என்ற முத்திரை

மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் சில மாதங்களுக்கு முன் என்னைக் காண வந்தாள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட விடயம் அல்ல இது. எழுதுவதற்கு அவளே சம்மதம் தந்திருக்கிறாள். ஆயினும் தோட்டத்தின் பெயரையும் பிள்ளைகளின் தொகையையும் கூறப் போவதில்லை. ஊகிக்க முயல வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு முறை மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து வந்தவள் அவள். மூன்றாம் முறை போவதற்காகக் கொழும்பில் வைத்தியப் பரிசோதனை செய்தார்கள். “தகுதியற்றவர்” என்று முடிவு வந்தது. காரணத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை. முகவரின் ஆள் அவளுடைய கணவனின் தம்பியிடம் தொலைபேசியில் சொன்னான். அன்று மாலைக்குள் லயம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அவளுக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது: இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி.

எங்கிருந்து பிடித்தாய் என்று எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். கணவனை ஒருவரும் கேட்கவில்லை.

அவள் என்னிடம் ஆறுதல் தேடி வரவில்லை. கேள்வியோடு வந்தாள். வேறொரு தரகர் வழி சொல்லியிருந்தானாம்: இன்னொருத்தியின் இரத்தத்தை இவளுடைய பெயரில் கொடுத்துவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. “பிள்ளைகளுக்காகத்தானே சாமி போறேன். அது பாவமா?” என்றாள்.

பாவம்தான், போகாதே என்று உடனே சொல்லிவிட்டேன். குருமடத்தில் படித்த விடை அது. பிழையான விடையும் அல்ல. ஆனால் அவள் எழுந்து போன பிறகு, கேட்ட கேள்வியில் பாதிக்குத்தான் பதில் சொன்னேன் என்பது உறைத்தது. அவள் மற்றவர்களுக்குச் செய்யவேண்டிய கடமையைச் சொன்னேன். மற்றவர்கள் அவளுக்குச் செய்யவேண்டிய கடமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பொய் வேறு, இரகசியம் வேறு. இந்த வேறுபாட்டை நம் குடும்பங்களில் பலர் மறந்துவிடுகிறோம். ஒருவரை ஏமாற்றும் நோக்கத்தோடு உண்மைக்கு மாறானதைச் சொல்வது பொய். இன்னொருத்தியின் இரத்தத்தைத் தன்னுடையதென்று கொடுப்பது வாயால் சொல்லாத பொய். ஆனால், கேட்க உரிமையில்லாதவனுக்குச் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது. ஒருவருடைய நோய் அவருடைய இரகசியம். தன் தொழிலின் காரணமாக அதை அறிந்துகொண்ட வைத்தியரும் தாதியும் எழுதுவினைஞரும் அதைக் காக்கக் கடமைப்பட்டவர்கள். திருச்சபையின் ஒழுக்கவியல் காலங்காலமாகப் படிப்பித்து வருவது இதுவே. அப்படியானால் இந்தக் கதையில் எட்டாம் கட்டளையை முதலில் மீறியவர் யார்? தரகனின் யோசனையைக் கேட்டுத் தயங்கி நின்ற பெண்ணா, அவளுடைய இரத்தத்தின் செய்தியைத் தொலைபேசியில் ஊருக்கு விற்றவனா?

அவள் சொல்லவேண்டியவர்களும் உண்டு. கணவனுக்குச் சொல்லவேண்டும், அவனும் பரிசோதிக்கப்பட வேண்டுமே. சிகிச்சை தரும் வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. கையொப்பமிடும் பத்திரத்தில் பொய் எழுதக் கூடாது. அடுத்த லயத்தவர்களுக்கும், பூசைக்கு வரும் நமக்கும் சொல்லக் கடமை ஏதும் இல்லை.

ஆனால் அவளைப் போகாதே என்று தடுப்பதற்குப் பொய்யைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை நான் அன்று சொல்லியிருக்க வேண்டும். எச்.ஐ.வி. இன்று மரண தண்டனை அல்ல. தினந்தோறும் தவறாமல் குளிசை உட்கொள்பவருடைய இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும்; அந்நிலை நீடிக்கும்வரை தாம்பத்திய உறவின் மூலம் அது மற்றவருக்குத் தொற்றுவதில்லை. நம் நாட்டில் இந்த மருந்தை 2004ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்து வருகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென்று 2019இல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்தது. சிறிய நாடு, கடனில் தத்தளிக்கும் நாடு. இந்த ஒரு காரியத்திலாவது தலைநிமிரலாம்.

வளைகுடா நாடுகளில் நிலைமை வேறு. அங்கே தொழிலுக்கு வருகிறவர்களை வதிவிட அனுமதிக்காக மறுபடியும் பரிசோதிக்கிறார்கள். கிருமி கண்டால் சிகிச்சை அல்ல, திருப்பி அனுப்பும் விமானம்தான். ஆகவே மறைத்துப் போகிறவள் குளிசையையும் மறைக்க வேண்டும். கொண்டுபோனது தீர்ந்ததும் நிறுத்தவும் வேண்டும். நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். கொலை செய்யாதே என்ற கட்டளை நம்முடைய சொந்த உயிரையும் காக்கிறது. பிள்ளைகளுக்காகப் போகிறேன் என்கிறவள் உயிரோடு திரும்பி வரவேண்டும் அல்லவா?

இனி நாடுகளின் பக்கம் வருவோம். கிருமியுள்ளவர்கள் வருவதற்கு அமெரிக்கா 1987 முதல் தடை விதித்திருந்து, 2010 ஜனவரியில்தான் அதை நீக்கியது. இங்கிலாந்தில் 2012 முதல், விசா எத்தகையதானாலும் எச்.ஐ.வி. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. கனடாவும் அவுஸ்திரேலியாவும் கிருமியைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்துவதில்லை, கணக்கைக் காட்டுகின்றன. வருகிறவரின் சிகிச்சைக்கு இத்தனை டொலருக்கு மேல் செலவாகுமா என்று பார்க்கிறார்கள். கனடா 2018இல் அந்த எல்லையை மூன்று மடங்காக உயர்த்தியது. அகதிகளுக்கும், அங்குள்ளவரின் கணவன் மனைவி பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கே இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

செலவைப் பார்ப்பது அநியாயமா? ஒரேயடியாக அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. பொதுப் பணம் அந்த நாட்டு ஏழைகளுக்கும் உரியது. அங்கேயும் வைத்தியசாலை வாசலில் காத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் கணக்குப் பார்ப்பதென்றால் முழுக் கணக்கையும் பார்க்கட்டும். வருகிறவன் உட்கொள்ளப்போகும் மருந்தை எழுதுகிறவர்கள், அவன் கட்டப்போகும் வரியையும் வளர்க்கப்போகும் பிள்ளைகளையும் அதே தாளில் எழுதவேண்டாமா? மருந்தின் விலையும் பழைய விலை அல்ல. ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலரைத் தாண்டியிருந்த மருந்துகளை, 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் தொண்டு நிறுவனமொன்றுக்கு ஆண்டுக்கு 350 டொலருக்குக் கொடுக்க முன்வந்தது.

நல்ல சமாரியன் உவமையில் காயத்துக்கு எண்ணெய் வார்த்ததைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். சத்திரக்காரனைப் பற்றி எத்தனை பேர் பிரசங்கித்திருக்கிறார்கள்? சமாரியன் அவனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். அந்நியனின் வைத்தியச் செலவுக்கு எல்லை போடாமல் கையெழுத்து வைத்தவன் அவன்.

வளைகுடா நாடுகளின் பாவம் இதைவிடப் பாரமானதென்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே புதிதாகக் கதவைத் தட்டுகிறவரை மட்டுமல்ல, ஆண்டுக்கணக்காக வேலை வாங்கியவரையும் திருப்பி அனுப்புகிறார்கள். அவள் அவர்களுடைய பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், கிழவரின் மலசலம் எடுத்தாள். அந்தக் கைகள் அப்போது தகுதியான கைகளாய் இருந்தன.

மலையகத்தவர்களுக்கு இந்த முத்திரை புதிதும் அல்ல. நம் பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளை, நாலந்தை தாண்டி இந்த மாத்தளைக்குத்தான் முதலில் வந்து சேர்ந்தார்கள். வாந்திபேதியில் விழுந்தவர்கள் பாதையோரத்திலேயே கிடந்தார்கள். பிற்காலத்தில் மண்டபம் முகாமில் தடுத்துவைத்து, ஊசி போட்டு, உடம்பைப் பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். இலங்கைக்கு வருவதற்குச் சோதித்த அதே மண்டபத்தில், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்டவர்களும் போய் இறங்கினார்கள். பின்னர் யுத்தத்துக்குத் தப்பி ஓடியவர்களும் அங்கேதான் தங்கினார்கள். உடம்பு வேலைக்கு ஆகுமா என்று மட்டும் பார்க்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம். அப்படியிருந்தும் அந்தப் பெண் தண்ணீர்ப் பீலிக்கு வந்தபோது வாளியை எடுத்துக்கொண்டு விலகியவர்களும் நம் பங்கு மக்களே. வாளியால் இது தொற்றாது. பாத்திரத்தால், இருமலால், கொசுவால், சமாதானம் சொல்லிக் கைகொடுப்பதால் தொற்றாது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப்படும் இந்தப் பாடம் கோயில் வாசலுக்கு வருவதற்குள் மறந்துபோகிறது.

குழந்தை மருத்துவர் கமலிகா அபேரத்னவைச் சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள். 1995இல் விபத்தில் காயமுற்று, ஏற்றப்பட்ட இரத்தத்தின் மூலம் எச்.ஐ.வி. தொற்றியவர். மறைந்து வாழாமல் வெளிப்படையாக அதைச் சொல்லி, மற்ற நோயாளருக்காக 2004இல் இறக்கும்வரை பாடுபட்டார். அவரைப் பற்றிப் பேசினால் எல்லோரும் இரங்குகிறோம், அவர் குற்றமற்றவர் என்பதற்காக. தோட்டத்துப் பெண்ணென்றால் முதலில் விசாரணை வைக்கிறோம். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் யார் செய்த பாவம் என்றுதான் கேட்டார்கள். ஆண்டவர் அந்த விசாரணையை நடத்த மறுத்து, மண்ணைக் குழைத்தார்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மறு வாரம் நானே போனேன். அன்று சொல்லத் தவறியதைச் சொன்னேன். அவள் இப்போது கண்டிக்குப் போய் மாதாமாதம் மருந்து எடுக்கிறாள். இரண்டு முறை துணைக்குப் போன கணவனும் தன் இரத்தத்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டான். முடிவு என்னவென்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தேவையில்லை.

முகவர் தந்த முற்பணம் கூரைத் தகரத்துக்கும் அடகு மீட்கவும் செலவாகிவிட்டது. பயணம் நின்றதால் அதைத் திருப்பிக் கட்டு என்று நெருக்குகிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் இருவர் போய்த் தவணைக்குப் பேசியிருக்கிறார்கள். முதல் தவணைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.