கல்லூரியின் பெயரும் கல்வியின் பயனும்



மேனிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்தவுடன் நம் இல்லந்தோறும் எழும் வினா, "பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?" என்பதாகும். விடை தேடுங்கால் கல்வியை முன்வைத்துச் சிந்திப்போர் சிலர். ஊரார் மதிப்பை முன்வைப்போர் பலர். பெயர்பெற்ற கல்லூரியில் இடம் பெறுவதற்காக விளைநிலத்தை அடகு வைப்போரும் உளர். அத்தகைய இடம் கிடைக்கவில்லையென்று மகளின் படிப்பையே நிறுத்திவிடுவோரும் உளர். ஆகவே, கல்லூரியின் புகழுக்கு எவ்வளவு இடமளிக்கலாம் என்பதை ஜினதருமத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்றும் ஒருங்கே உடையது பொருள் என்பது நம் ஆகமக் கொள்கை. வளையல் அழிந்து மோதிரம் தோன்றினும் பொன் நிலைக்கின்றது. கல்விக்கூடமும் இதற்கு விலக்கன்று. சிதம்பரத்தில் 1920இல் அண்ணாமலைச் செட்டியார் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். 1929இல் அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 2013இல் தனிச் சட்டத்தின் வாயிலாக அஃது அரசின் நிருவாகத்தின்கீழ் வந்தது. நிறுவனம் ஒன்றே; பரியாயங்களோ பல. முதன்முதல் அங்குச் சேர்ந்த மாணாக்கருக்குப் பழம்புகழ் எதுவும் துணைநிற்கவில்லை. பின்வந்தோர் துய்க்கும் புகழ், முன்னோர் கற்றும் கற்பித்தும் ஈட்டியதாகும். புகழ் நேற்றைய நிலையைக் கூறும். நம் பிள்ளை கற்கப்போவதோ நாளைய வகுப்பறையில்.

அதே சிதம்பரத்தில் 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக விளங்கியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர் தமிழ் கற்றது, திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் அருகிலிருந்து. பட்டம் வழங்கும் கல்லூரியில் அன்று. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரான பின்னரும், சீவக சிந்தாமணியை ஆராய்கையில் எழுந்த ஐயங்களை அவ்வூர்ச் சமணர்களை நாடித் தெளிந்தார். 1887இல் அந்நூல் அச்சேறியது. அறிவு இருக்குமிடம் நாடிச் சென்றாரேயன்றி, வாயிற்பலகையைப் பார்த்தாரல்லர்.

கடலூருக்கும் இத்தகைய பெருமை உண்டு. சருவநந்தி முனிவரின் உலோக விபாகம் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகம் என்னும் ஊரில் எழுதப்பெற்றது. அவ்வூரே இன்றைய திருப்பாதிரிப்புலியூர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. கடிகையால் புகழ்பெற்ற காஞ்சி அன்றும் தலைநகராய் இருந்தது. ஆயினும் இந்நூல் எழுந்தது பாடலிகத்தில். மூலநூல் இன்று கிடைக்கவில்லை. சிம்மசூரியின் வடமொழியாக்கம் உள்ளது. சுழியத்தையும் இடமதிப்பையும் கொண்டு எண்களைக் குறிக்கும் முறைக்கு, காலம் தெளிவாக அறியப்பட்ட பழஞ்சான்றுகளுள் அஃது ஒன்று. பாடலிகத்துச் சமணப்பள்ளி மறைந்தது. அங்குச் செய்த பணி மறையவில்லை.

அங்ஙனமாயின் புகழுக்கு மதிப்பே இல்லையோ? அவ்வாறு ஒருதலையாகக் கூறுவது அநேகாந்தம் ஆகாது. நற்பெயர் பெற்ற கல்லூரியில் நல்ல நூலகமும் அறிவுடைய தோழரும் வாய்க்கலாம். வேலை தருவோர் சிலர் அப்பெயரை மதிக்கவும் கூடும். ஆதலின் புகழுக்கும் இடம் உண்டு. அது நான்காம் இடம். பிள்ளையின் நாட்டத்திற்கேற்ற பாடம் உள்ளதா என்பது முதலாவது. ஆசிரியப் பணியிடங்கள் நிரப்பப்பட்டு, ஆய்வுக்கூடம் உண்மையில் இயங்குகின்றதா என்பது இரண்டாவது. குடும்பம் தாங்கும் கட்டணமா, கதிரவன் மறையுமுன் புலால் கலவாத உணவு உண்டு ஒழுக்கம் காக்க விடுதியில் வழியுண்டா என்பது மூன்றாவது. இவற்றை நேரிற் சென்று, அங்குப் பயிலும் மாணாக்கரிடம் கேட்டறிதல் வேண்டும். இம்மூன்றிலும் இரண்டு கல்லூரிகள் ஒத்து நின்றால், பெயர்பெற்றதைக் கொள்க.

எண்வகை மதங்களை நீக்கினாலன்றி நற்காட்சி தூய்மையுறாது. கல்விச் செருக்கும் குலச் செருக்கும் செல்வச் செருக்கும் அவற்றுள் அடங்கும். "இக்கல்லூரியின் பெயரை எவரிடமும் சொல்லலாகாது என்ற நிலையிருப்பின், அப்போதும் இதையே தேர்வோமா?" என்று பெற்றோர் தம்மைத் தாமே வினவுக. "இல்லை" என்பது விடையாயின், நாம் தேடியது கல்வியன்று, செருக்கே.

பிறர் அறிவு பெறுவதைத் தடுப்போர்க்கு ஞானாவரணீய வினை வந்து கட்டும் என்பது தத்துவார்த்த சூத்திரம் உணர்த்தும் உண்மை. கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் உள்ள அரசு கலைக் கல்லூரி போன்றவை அருகிருக்க, "பெரிய பெயர் இல்லை" என்று ஒரு பெண்ணின் கல்வியை நிறுத்துவது அவ்வினைக்கே வழியாகும். கடன்சுமையால் கலங்கிய உள்ளத்தோடு மகனைப் பயிலச் செய்வதும் அறிவுக்கு இடையூறே. நிலத்தை மீட்க ஆண்டுகள் பல ஆகும். வீணான இளமையையோ மீட்க இயலாது.

ஆதலின், இவ்வாண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர், பெயரைக் கேட்குமுன் பாடத்தையும் ஆசிரியரையும் கேட்பாராக. நன்ஞானம் பெருகுக! நல்லறம் வளர்க!